சஸ்பென்ஸ் கணக்கு

வாரத்துக்கு இருமுறை, ஆண்டவரே,
என் வீட்டுக்காரரின் ரத்தம்
அவரை விட்டு வெளியே போகிறது.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி, நாலாம் நம்பர் மெஷின்.
ஒரு குழாயில் போய்
எங்கோ சுற்றி
இன்னொன்றில் திரும்புகிறது.
பக்கத்து ஸ்டூலில்
டிபன் டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு
போகிற குழாயையே பார்ப்பேன்.
வருகிற குழாயைப் பார்க்க
எனக்குப் பழகவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று ராத்திரி
ராயபுரம் சபையில்
தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருந்த
வாக்குத்தத்த அட்டைகளில்
எமர்சனுக்கு வந்தது சுகத்தைப் பற்றியது.
என்னுடையதை யாருக்கும் காட்டவில்லை.
காத்திரு என்கிற மாதிரி ஏதோ.
பிப்ரவரியில் அவர் கால் வீங்கியது.
செருப்புதான் சின்னதாகிவிட்டதென்று
எம்.சி. ரோட்டில் பேரம் பேசி
புதுசு வாங்கினோம்.

லிங்கிச் செட்டித் தெருவில்
ஒரு கிளியரிங் கம்பெனிக்குக்
கணக்கு எழுதுகிறவள் நான். பத்தொன்பது வருஷம்.
பதினேழு ரூபாய் உதைத்தாலும்
அதைப் பிடிக்காமல் பஸ் ஏறியதில்லை.
உம்மிடமும் அப்படித்தான் வந்தேன்,
நடுவில் கோடு போட்டுக்கொண்டு.
இந்தப் பக்கம்
தவறாத தசமபாகம்,
என் நாற்பது நாள் உபவாசம்,
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்
தெர்மோகோலில் வெட்டிக் கொடுத்த பேழை,
அதில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து
கூரைக்கு மேலே நீட்டியிருக்கும்.
அந்தப் பக்கம்
கிரியாட்டினின் ஒன்பது புள்ளி நாலு.
எவ்வளவு உதைக்கிறது பாரும் என்றேன்.
பார்த்தீர்.
பேசவில்லை.

பேசினவர்கள் மற்றவர்கள்.
மறைவான பாவம் ஏதாவது இருக்கும் என்றார்
எஸ்தர் புஷ்பம் அக்கா,
அவர் குடிக்கவே கூடாத இளநீர்
இரண்டைச் சீவிக் கொண்டுவந்து.
போதகர் ஒன்றும் சொல்லவில்லை.
பேசின் பிரிட்ஜில் முழங்கால் தண்ணீர் நின்ற அன்று
ஆட்டோ எதுவும் வராமல்
தன் பைக்கிலேயே அவரை ஏற்றிப்போனார்.
சைலன்சரில் தண்ணீர் ஏறி
பாதி வழி தள்ளினாராம்.

அதே அன்றுதான்
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி நின்றது.
எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கத்தின.
எமர்சனின் ரத்தம்
பாதி உள்ளே பாதி வெளியே.
நர்ஸ் ஷமீமா ஓடிவந்து
மெஷினின் பக்கவாட்டிலிருந்து
ஒரு கைப்பிடியை இழுத்து
சுற்ற ஆரம்பித்தாள்.
அவசரப்படாமல்,
கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவள் மாதிரி.
செல்போன் வெளிச்சம் பிடித்தேன் நான்.
என் கை நடுங்கியது, அவள் கை நடுங்கவில்லை.
கொஞ்சம் கொஞ்சமாக, கறுப்பாகத் தெரிந்த அது
அவருக்குள் திரும்பிப் போனது.

சாட்சி சொல்லச் சொன்னார்கள் சபையில்.
உம்முடைய கையைக் கண்டேன் என்று
சொல்லியிருக்கலாம்.
நான் கண்டது ஷமீமாவின் கையை.
நகத்தில் பாதி வளர்ந்து போன மருதாணி.
அதோடு, மூன்றாம் நம்பர் கட்டிலின் தெய்வநாயகம்
அடுத்த வாரம் வரவில்லை.
அவருக்கும் யாரோ
கைப்பிடியைச் சுற்றினார்கள்.
அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு.
எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை
அழிக்கக் கூடாது.
பொய்த் தலைப்பில் சொருகவும் கூடாது.
சஸ்பென்ஸ் என்று ஒரு கணக்கு திறந்து
அதில் வைத்துவிட்டு
அன்றைய புத்தகத்தை மூடலாம்.
விவரம் தெரிந்தவர் வந்து
எடுத்து வைக்கிறவரை
அது அங்கேயே இருக்கும்.
தொலையாது.

விவரம் தெரிந்தவர் நீர்.
சிரித்த முகத்தோடு இதைச் சொல்லவில்லை,
உமக்கே தெரியும்.
தெய்வநாயகத்தை அதில் வைக்கிறேன்.
ஒன்பது புள்ளி நாலை வைக்கிறேன்.
அந்தப் புதுச் செருப்பையும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை
குழாய் சிவந்தது வரை ஞாபகம் இருக்கிறது.
அப்புறம் எமர்சன்தான் சொன்னார்:
டிபன் டப்பா மடியிலிருந்து சரிந்து
சாம்பார் தரையெல்லாம் ஓடியும்
நான் எழுந்திருக்கவில்லையாம்.
சுவரில் தலை சாய்த்து,
வார்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு
குறட்டை விட்டேனாம்.